நிரல் தாள்ல சின்ன எழுத்துல "35 மி.மீ., 1.37"னு போட்டிருக்காங்களே, அதெல்லாம் யாருக்கு?

பிப்ரவரி 2, இரவு 9.15 (கேள்வி)

தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்த வாரம் ஒரு ஆர்ட்ஸ் சென்டருக்கு முதல் தடவையா போறேன், சங்கிலி தியேட்டர் கிடையாது, தனியா நடத்துறாங்க, ஒரே கட்டடத்துல சின்ன சினிமா, கேலரி, நாடக அரங்கு எல்லாம் இருக்கு. நிரல் தாளைப் பாத்தா ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பொடி எழுத்துல 35 மி.மீ., டிசிபி, 1.37, 98 நிமிடம்னு என்னென்னமோ இருக்கு. எனக்கு இதுல ஒண்ணும் புரியல. இதெல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க போற இடமா? பிரெண்டு சொல்றான், "எல்லாம் பந்தா, அதே படம் போன்ல கிடைக்கும்"னு. தனியா போனா ஒரு மாதிரி பாப்பாங்களா?

பிப்ரவரி 2, இரவு 11.40

ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, அவங்களும் பாதிப் பேர் தனியாதான் வந்திருப்பாங்க. பொடி எழுத்துக்கு வரேன். அது உங்களுக்காகத்தான். நான் அதைப் படிக்காம ரெண்டு தடவை அசிங்கப்பட்டிருக்கேன், அந்தக் கதையைச் சொன்னாலே புரிஞ்சுரும்.

முதல் தடவை போனப்போ படம் ஆரம்பிச்சுது, திரை அகலமா இருக்கு, படம் மட்டும் நடுவுல கிட்டத்தட்ட சதுரமா நிக்குது, ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி. அஞ்சு நிமிஷம் பொறுத்தேன், அப்புறம் எந்திரிச்சு வெளிய போயி கவுண்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்ட "படத்தை ரெண்டு பக்கமும் வெட்டிட்டீங்க"னு சத்தம் போட்டுட்டேன். அந்தப் பொண்ணு சிரிக்கல, அதுதான் பெரிய மனசு. நிரல் தாளை எடுத்து 1.37ங்கற இடத்துல விரலை வச்சு, "படமே இந்த வடிவம்தாங்க, நாங்க வெட்டல, வெட்டாம இருக்கத்தான் துணியை உள்ள இழுத்திருக்கோம்"னு சொல்லிச்சு. 1932ல இருந்து பேசும் படங்களுக்கு அதுதான் பொது வடிவமா இருந்துச்சு, அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. 1953ல சினிமாஸ்கோப் வந்த பிறகுதான் திரை அகலமாச்சு, அப்புறம் 1.66, 1.85, 2.39னு ஆளுக்கொண்ணு. ஒரு நல்ல சினிமால படத்துக்குப் படம் அந்தக் கறுப்புத் துணி நகரும். மாஸ்கிங்னு சொல்வாங்க.

ரெண்டாவது அசிங்கம் வேற ஊர்ல, வேற இடம், பேர் வேணாம். பழைய படம், 1.37. இந்தத் தடவை திரை முழுக்க அகலமா ஓடுது, ஆனா யாருக்கும் நெத்தி இல்ல. எல்லாரும் புருவத்துல இருந்து ஆரம்பிக்கறாங்க. போன தடவை பட்ட சூடு ஞாபகத்துல, இதுவும் கலைதான் போலனு கம்முனு உக்காந்திருந்தேன். படம் முடிஞ்ச பிறகு யாரோ கேட்டப்போ தெரிஞ்சுது, புரொஜெக்டர்ல படத்தோட ஓரத்தை மறைக்கற தகடு ஒண்ணு உண்டு, அதுல 1.85க்கானதைப் போட்டு ஓட்டிட்டாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, உயரத்துல நாலுல ஒரு பங்கு காலி. ஆக, தப்பே நடக்காதப்போ சண்டை போட்டேன், தப்பு நடந்தப்போ வாயைப் பொத்திட்டு இருந்தேன். அந்தப் பொடி எழுத்தைப் படிச்சிருந்தா ரெண்டும் நடந்திருக்காது.

பிப்ரவரி 3, காலை 7.50

தூக்கம் வராம மிச்சமும் எழுதிடறேன். 35 மி.மீ.னா பிலிம், டிசிபின்னா டிஜிட்டல். 

பிலிம்னா என்னனு கையில தொட்டுப் பாத்தாதான் தெரியும். நொடிக்கு 24 பிரேம், ஒரு அடிக்கு 16 பிரேம், அப்போ ஒரு நிமிஷத்துக்கு 90 அடி. ரெண்டு மணி நேரப் படம்னா 10,800 அடி, 3 கிலோமீட்டருக்கு மேல. அந்த நீளத்தை ஒரே சுருளா தூக்க முடியாது, அதனால 2,000 அடி ரீலா வரும், ஒண்ணு 22 நிமிஷம் வரைக்கும் ஓடும். ரெண்டு புரொஜெக்டர் வச்சிருக்கற இடத்துல ஒண்ணு முடியறப்போ இன்னொண்ணு தொடங்கணும். திரையில வலது பக்க மேல் மூலையைக் கவனிங்க, ஒரு சின்ன வட்டம் கண் சிமிட்டற நேரத்துக்கு வந்துட்டுப் போகும். நாலு பிரேம்தான், நொடியில ஆறுல ஒரு பங்கு. ரீல் முடிய 8 நொடி இருக்கறப்போ முதல் வட்டம், அப்போ ரெண்டாவது மெஷினோட மோட்டாரைப் போடுவார் ஆப்பரேட்டர். 1 நொடி இருக்கறப்போ அடுத்த வட்டம், அப்போ மாத்துவார். ஒரு தடவை இது தெரிஞ்சுருச்சுன்னா அப்புறம் ஒழுங்கா படமே பாக்க முடியாது, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணு மூலைக்குப் போயிரும். சொல்லிக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க.

எல்லா ரீலையும் ஒட்டி பெரிய தட்டுல படுக்க வச்சு ஓட்டற முறையும் இருக்கு, ஆள் பக்கத்துலயே நிக்க வேண்டியதில்ல. ஆனா அதுக்கு ரீலோட முனையை வெட்டி ஒட்டணும், அதனால பல ஆவணக் காப்பகங்கள் தங்களோட பிரிண்டை அப்படி ஓட்ட விடறதில்ல.

சுருக்கமா: 35 மி.மீ.னு போட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போங்க.

பிப்ரவரி 3, காலை 8.05

கண்ணை மூடிக்கிட்டுப் போனா படத்தை எப்படிப் பாக்கறதுனு நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே கேட்டுக்கறேன்.

பிப்ரவரி 4, இரவு 10.30

நேத்துக் காலையில எழுதினதை வாபஸ் வாங்கறேன், பாதி.

பழைய கலர் பிரிண்ட் ஒண்ணு பாத்தேன் ஒரு தடவை. பச்சை, நீலம் எல்லாம் வெளிறிப் போயி வானம், மரம், ஆளுங்க, கடல் அத்தனையும் செக்கச்செவேல்னு. ஈஸ்ட்மேன்கலர் காலத்துப் பிரிண்டுங்க நிறைய இப்படித்தான் ஆகும், சாயம் நிக்காது. முதல் பத்து நிமிஷம் அந்திப் பொழுதுனு நினைச்சேன், அப்புறம் பாத்தா கதையில மத்தியானம். அதே படத்தை ஒரு வருஷம் கழிச்சு சரிபண்ணின டிசிபில பாத்தப்போ கதாநாயகியோட புடவை பச்சைனு தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அந்தப் பச்சையையே யோசிச்சுட்டு இருந்தேன், பச்சைப் புடவைக்காரி செவப்புக்காரியை விட வேற ஆளு.

அதனால 35னு இருந்தா மட்டும் போதாது, பிரிண்ட் எப்படி இருக்குன்னு கேளுங்க. நேர்மையான இடங்கள்ல நிரல் தாள்லயே "நிறம் மங்கிய பிரிண்ட்"னு போட்டுருவாங்க. போடலன்னா கவுண்ட்டர்ல கேட்டா மேல புரொஜெக்டர் ரூமுக்குப் போயி விசாரிச்சுட்டு வந்து சொல்வாங்க, எனக்கு சொல்லியிருக்காங்க.

டிசிபியையும் கேவலமா நினைக்காதீங்க. உங்க பிரெண்டு போன்ல பாக்கறதும் டிஜிட்டல்தான், இதுவும் டிஜிட்டல்தான், ஆனா ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமா சுருக்கி வச்சிருக்கும், நொடிக்கு 250 மெகாபிட் வரைக்கும் போகலாம். பெட்டியில ஒரு ஹார்டு டிஸ்க்கா வரும்.

பிப்ரவரி 5, மதியம் 1.20

ஹார்டு டிஸ்க் வந்தா மட்டும் பல படங்கள் ஓடாது, அதுக்குத் தனியா ஒரு சாவி வேணும், பூட்டுச் சாவி இல்ல, ஒரு ஃபைல். இந்த சர்வர், இந்தத் தேதி, இத்தனை மணில இருந்து இத்தனை மணி வரைனு எழுதியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் அறுபது பேர் உக்காந்திருக்கோம், திரை வெறுமையா இருக்கு. சாவியில இருந்த நேரம் தொடங்க இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு, யாரோ எங்கயோ நேரத்தைத் தப்பா டைப் பண்ணியிருக்காங்க. பெரிய தியேட்டரா இருந்தா காசைக் கொடுத்து அனுப்பியிருப்பாங்க. இங்க ஆப்பரேட்டரே கீழ இறங்கி வந்து, கையைத் துடைச்சுக்கிட்டே, "மேல ஒரு நேரத்துக்கு ஆறு பேர் வரலாம், பாக்கறீங்களா"ன்னார். 

நான் மூணாவது பேட்ச். குறுகலான அறை, ரெண்டு பழைய மெஷின், ஒரு டிஜிட்டல் மெஷின், சுவத்துல கண்ணாடி ஜன்னல், அது வழியா கீழ நம்ம சீட்டெல்லாம் பொம்மை சைஸ்ல. தனியா எடுத்து வச்சிருந்த ஒரு டப்பாவைத் திறந்து மூக்குகிட்ட நீட்டினார். வினிகர் வாசம். அசிடேட் பிலிம் சிதைய ஆரம்பிச்சா அசிடிக் அமிலம் வரும், மூக்கே சொல்லிடும்னார். அதுக்கு முந்தி இருந்த நைட்ரேட் பிலிம் இன்னும் மோசம், பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வச்சிருக்கும். "அது இங்க இருக்கா?"னு ஒருத்தர் பின்வாங்கிக்கிட்டே கேட்டார். இல்லையாம்.

படம் தாமதமா ஆரம்பிச்சுது. என்ன படம்னு இப்போ மறந்துபோச்சு, சத்தியமா.

பிப்ரவரி 5, இரவு 9.00

எந்த சீட்டுனு கேட்டிருந்தீங்க. முன்னால இருந்து மூணாவது வரிசை, நடுவுல. யோசிக்காதீங்க.

பிப்ரவரி 6, காலை 6.40

யோசிங்க. நான் எப்பவும் சின்ன ஹால்லயே பாக்கறதால அப்படிச் சொல்லிட்டேன். அகலமான 2.39 படத்துக்கு மூணாவது வரிசைல உக்காந்தா டென்னிஸ் மேட்ச் பாக்கற மாதிரி தலையை ஆட்டணும், சப்டைட்டில் வேற இருந்தா வாயைப் பாக்கறதா வரியைப் பாக்கறதானு தெரியாது. ஒலிக்காகன்னா மூணுல ரெண்டு பங்கு பின்னால தள்ளி, நடு சீட்டு. 1.37க்கு மட்டும் முன்னால வாங்க, உயரமான படம், நல்லாருக்கும். பாருங்க, இதுக்கும் அந்தப் பொடி எழுத்துதான் வேண்டியிருக்கு.

சீட்டுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நியூயார்க்ல ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ்ங்கற படக் காப்பகம் 1970ல தொடங்கினப்போ, பரிசோதனைப் படம் எடுக்கற பீட்டர் குபெல்கா ஒரு ஹாலை வடிவமைச்சார், சுவர், கூரை எல்லாம் கறுப்பு, ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கவாட்டுல தடுப்பு, தலைக்கு மேல மூடி, குதிரைக்குக் கண்ணுல கட்டற மாதிரி. பக்கத்துல யார் இருக்காங்கன்னே தெரியாது, திரை மட்டும்தான். அதுக்குப் பேரே கண்ணுக்குத் தெரியாத சினிமா. 1974 வரைக்கும்தான் இருந்துச்சு. எனக்கு அந்த ஐடியா ஒத்து வராது, பக்கத்து ஆள் மூச்சை இழுக்கறது கேக்கணும். தனியா போறவன் தனியாவே உக்காரவும் செஞ்சா அப்புறம் உங்க பிரெண்டு சொன்ன போனே போதுமே.

பிப்ரவரி 7, இரவு 11.10

கேலரி பத்தி யாரும் சொல்லல, நானும் விட்டுட்டேன். படத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போங்க, கேலரியில ஒரு சுத்து சுத்திட்டு உள்ள போலாம், பல இடத்துல அதுக்கு டிக்கெட்டே இருக்காது. உள்ள மங்கலா இருந்தா கரண்டை மிச்சம் பண்றாங்கனு நினைக்காதீங்க (நான் நினைச்சேன்). காகிதத்துல வரைஞ்சது, போட்டோ, துணி எல்லாம் வெளிச்சத்துல வெளுத்துப் போகும், அதனால வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) அளவுலயே வச்சிருப்பாங்க. வாசல்லயே ஒரு ரெண்டு நிமிஷம் நில்லுங்க, கண்ணு பழகிரும்.

இருட்டு ரூம்ல வீடியோ ஓடிட்டிருந்தா லேபிள்ல நிமிஷம் போட்டிருக்கானு முதல்ல பாருங்க. ஒரு தடவை நான் வீடியோ ஒண்ணை "இப்ப முடியும், இப்ப முடியும்"னு நின்னே பாத்தேன், ஒரு ஆள் மாடி ஏறிக்கிட்டே இருக்கான். லேபிள்ல பாத்தா 4 நிமிஷம், திரும்பத் திரும்ப ஓடுது. நான் அரை மணி நேரமா அந்த ஆளோட ஏழெட்டு தடவை மாடி ஏறியிருக்கேன். காவலுக்கு இருந்த அம்மா என்னைப் பாத்த பார்வையில ஒரு மரியாதை இருந்துச்சு.

புரியலன்னா அடுத்த ரூமுக்குப் போங்க, அவ்வளவுதான். பரீட்சை இல்ல.

பிப்ரவரி 9, மாலை 6.15

"தனியா நடத்தறாங்கன்னா யார் காசு போடறாங்க"னு கேட்டீங்களே, ஒரே பதில் கிடையாது. டிக்கெட், மெம்பர்ஷிப், அரசு மானியம், அறக்கட்டளை நிதி, ஹாலை வாடகைக்கு விடறது, இதெல்லாம் கலந்துதான் ஓடும், ஒண்ணு நின்னாலும் ஆடும். கட்டடமும் பெரும்பாலும் இதுக்காகக் கட்டினதா இருக்காது. பிரிட்டன்ல பாருங்க, கார்டிஃப்ல சாப்டர்னு ஒரு இடம், 1971ல தொடங்கினது, பழைய பள்ளிக்கூடக் கட்டடம். பிரிஸ்டல்ல வாட்டர்ஷெட், 1982, துறைமுகத்துப் பண்டகசாலை. மான்செஸ்டர்ல கார்னர்ஹவுஸ்னு 1985ல ஆரம்பிச்ச ஒண்ணு, ஒரு நாடகக் குழுவோட சேர்ந்து 2015ல ஹோம்ங்கற பேர்ல புதுக் கட்டடத்துக்குப் போச்சு, அந்த மாதிரி புதுசு அமையறது கொஞ்சம்தான். அதனால வழி கண்டுபிடிக்க முடியாம சுத்தினா வருத்தப்படாதீங்க, வகுப்பறையையும் கோடவுனையும் தியேட்டரா மாத்தினா அப்படித்தான் இருக்கும். எனக்குப் பழக்கமான ஒரு இடத்துல கழிப்பறைக்குப் போகணும்னா நாடக அரங்கோட பின்பக்கத்தைத் தாண்டித்தான் போகணும், ஒரு தடவை கிரீடம் வச்ச ராஜா எனக்கு முன்னால வரிசையில நின்னார்.

நாடக அரங்குன்னதும் மேடை, திரைச்சீலை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. முக்கால்வாசி இடத்துல கறுப்புச் சுவர், சமதளத் தரை, நாற்காலியை இஷ்டத்துக்கு மாத்திப் போடற ஒரு ரூம்தான், பிளாக் பாக்ஸ்னு சொல்றது அதைத்தான். முதல் வரிசைல உக்காந்தா காலை மடக்கி வச்சுக்குங்க, நடிகர் தடுக்கி விழுவார். (விழல. தாண்டிட்டார்.)

பிப்ரவரி 9, இரவு 8.40

முக்கியமா ஒண்ணு. பொடி எழுத்துக்குப் பக்கத்துல குறியீடுங்களும் இருக்கும். காதும் அதுக்குக் கீழ "டி"ங்கற எழுத்தும் போட்டிருந்தா காது மெஷின் வச்சிருக்கறவங்களுக்கான லூப் இருக்குனு அர்த்தம். அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன், அவர் படம் பாக்கறதையே விட்டு ஏழெட்டு வருஷம் ஆச்சு, சத்தம் வருது பேச்சு புரியலம்பார். மெஷினை அந்த டி நிலைக்கு மாத்தி விட்டோம். தரைக்குக் கீழ ஓடற கம்பி வழியா படத்தோட ஒலி நேரா அவர் காதுக்கே வந்துச்சு, நடுவுல ஹால் இரைச்சல் கிடையாது. பத்து நிமிஷம் கழிச்சு என் முட்டியைத் தட்டி, ஹாலுக்கே கேக்கற மாதிரி, "டேய், அவன் தாடியைச் சொறியறதுகூடக் கேக்குதுடா"ன்னார். முன் வரிசைக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. அவருக்கு அதெல்லாம் எங்க தெரியுது.

டிக்கெட் எடுக்கறப்பவே சொல்லி வைங்க, சில ஹால்ல குறிப்பிட்ட வரிசைல மட்டும்தான் லூப் நல்லா எடுக்கும். நாங்க முதல்ல ஓரத்துல உக்காந்து அது தெரியாம மெஷினைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

ரிலாக்ஸ்டு ஷோனு ஒண்ணும் இருக்கும், லைட்டை முழுசா அணைக்க மாட்டாங்க, சத்தம் கம்மி, நடுவுல எந்திரிச்சு நடக்கலாம், பேசலாம். கூட்டம், இருட்டு, சத்தம் ஒத்துக்காதவங்களுக்கானது. தெரியாம அதுக்கு டிக்கெட் எடுத்துட்டு "ஏன் லைட் எரியுது"னு கேக்காதீங்க, ஏன்னா நான்... சரி, விடுங்க. என் அசிங்கங்களோட எண்ணிக்கை மூணுனு திருத்திக்கங்க.

பிப்ரவரி 12, காலை 9.30

பேசாத படத்துக்குப் பக்கத்துல "18 பிரேம்"னு போட்டிருக்குனு நேத்து கேட்டீங்க. அந்தக் காலத்துல கையால சுத்தி எடுத்தது, வேகம் படத்துக்குப் படம் மாறும். அதை 24ல ஓட்டினா எல்லாரும் ஓடி ஓடி நடப்பாங்க, பழைய படம்னாலே காமெடின்னு நமக்குத் தோணறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். 18னு எண்ணைப் போட்டிருக்காங்கன்னாலே யாரோ உக்காந்து பாத்து முடிவு பண்ணியிருக்காங்கனு அர்த்தம். பியானோ வாசிக்க ஆளும் வருவாங்கன்னா அந்த ஷோவையே எடுங்க, மத்ததை விடுங்க.

பிப்ரவரி 16, இரவு 11.55

நீங்க போயிட்டு வந்து "படம் சுமார், ஆனா மாஸ்கிங் நகர்ந்ததைப் பாத்தேன்"னு எழுதியிருக்கறதைப் பாத்து தனியா உக்காந்து சிரிச்சேன். ஒரு ஆளைக் கெடுத்தாச்சு.

இன்னிக்கு நானும் போனேன். தாள்ல 1.85னு இருந்துச்சு. படம் ஆரம்பிச்சா பெரிசா இருக்கு, ரொம்பப் பெரிசு, தலைங்க திரைக்கு மேல சுவத்துல ஏறி நிக்குது, சப்டைட்டில் கீழ கறுப்புத் துணியில விழுந்து ரெண்டாவது வரி மடிஞ்சு கிடக்கு. மெஷின் 2.39 செட்டிங்லயே இருந்திருக்கு. எட்டு பேரோட முட்டியைத் தாண்டி, ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு ஸாரி சொல்லி வெளிய ஓடினேன். அங்க எனக்கு முன்னாடியே ஒரு வயசான அம்மா வாசல்ல நின்ன பையன்கிட்ட நிரல் தாளைக் காட்டி, அதே பொடி எழுத்துல விரலை வச்சு, மெதுவா சொல்லிக்கிட்டிருக்காங்க. பையன் வாக்கி டாக்கியில மேல பேசினான். என்னைப் பாத்து அந்த அம்மா "நீங்களும் அதுக்குத்தானா?"ன்னாங்க. தலையாட்டினேன்.

ரெண்டு பேரும் திரும்ப உள்ள போறப்போ படம் சுருங்கிக்கிட்டிருந்துச்சு, ரெண்டு பக்கத்துல இருந்தும் கறுப்புத் துணி கிரீச்சுனு உள்ள வந்துச்சு, பின்னால யாரோ "அப்பாடா"ன்னாங்க. சப்டைட்டிலோட ரெண்டாவது வரி தெரிஞ்சுது. அதுல "ம்"னு மட்டும்தான் இருந்துச்சு.